மாடு கால்வாயில் விழுந்தால் யாரை அழைப்பது? நான்கு கதவுகளுக்கு இடையே தவிக்கும் கால்நடைகள்

ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் தவறாமல் சில காணொளிகள் வலம் வரும். வெள்ளத்தில் கழுத்தளவு நீரில் நிற்கும் மாடு, சாலையோரம் அடிபட்டுக் கிடக்கும் கன்று, பெருங்கால்வாயில் விழுந்து ஏற முடியாமல் கத்தும் ஆடு. "யாராவது உதவி செய்யுங்கள்" என்ற வரியோடு அது நூறு பேருக்குப் போகும். நூறு பேரும் இன்னும் நூறு பேருக்கு அனுப்புவார்கள். அந்த விலங்கு எங்கே இருக்கிறது, யாருக்குச் சொந்தமானது, யாரை அழைத்தார்கள் என்ற விவரம் மட்டும் அதில் இருக்காது.

நாய், பூனை என்றால் ஓரளவு வழி தெரியும். விலங்கு வதைத் தடுப்புச் சங்கங்கள் இருக்கின்றன, தனியார் கிளினிக்குகள் இருக்கின்றன, தத்தெடுக்க முன்வரும் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். 300 கிலோ எடையுள்ள மாட்டை அப்படிக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளினிக்கிற்குப் போக முடியாது. நகரங்களில் உள்ள தனியார் விலங்கு மருத்துவர்களில் பெரும்பாலோர் செல்லப் பிராணிகளை மட்டுமே பார்க்கிறார்கள். கால்நடை ஆபத்தில் சிக்கும்போது உதவி கிடைப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை நம் சமூகம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நமக்கு இது அந்நியமான விஷயமும் அல்ல. மலேசியாவின் கால்நடை ஆய்வாளர்கள் இந்நாட்டு மாட்டு வகைகளைக் குறிப்பிடும்போது கெடா-கிளந்தான் வகையோடு சேர்த்துச் சொல்லும் இன்னொரு வகை, உள்ளூர் இந்தியப் பால் மாடு. ரப்பர் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர்களோடு வந்த மாடுகளின் வழித்தோன்றல்கள் அவை. தோட்டத்து லயத்துக்குப் பின்னால் நான்கு மாடு கட்டி, காலையில் சைக்கிளில் பால் ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் ஏராளம். இன்றும் பேராக், கெடா, சிலாங்கூர், ஜொகூர் செம்பனைத் தோட்டங்களின் ஓரங்களில் மாடு, ஆடு வளர்த்துப் பிழைப்பவர்களில் நம்மவர்கள் கணிசமாக இருக்கிறார்கள்.

நான்கு கதவுகள்

முதல் சிக்கல், கால்நடை மீட்புக்கென்று தனி அமைப்பு இல்லை என்பது. பொறுப்பு நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கிறது.

முதலாவது, தீயணைப்பு மீட்புப் படை. கிணற்றில், கால்வாயில், கழிவுத் தொட்டியில் விழுந்த மாட்டை வெளியே எடுப்பது இவர்கள் வேலை. "மாட்டுக்கெல்லாம் பொம்பா வருமா?" என்று பலர் தயங்குகிறார்கள். வரும். 1988ஆம் ஆண்டு தீயணைப்புச் சேவைச் சட்டம் இத்துறைக்குக் கொடுத்திருக்கும் கடமைகளில் தீயை அணைப்பதோடு மனிதாபிமானச் சேவையும் இருக்கிறது. 999-க்கு அழைத்தால் போதும். ஆனால் அவர்கள் வேலை, விலங்கை மேலே கொண்டு வருவதோடு முடிகிறது. கால் உடைந்த மாட்டுக்குக் கட்டுப் போடுவது அவர்கள் வேலை அல்ல.

இரண்டாவது, டிவிஎஸ் என்று அறியப்படும் கால்நடைச் சேவைத் துறை. தலைமையகம் புத்ராஜெயாவில் இருந்தாலும், நமக்குத் தேவையானது மாவட்டக் கால்நடை அலுவலகம்தான். சிகிச்சை, தடுப்பூசி, நோய்க் கட்டுப்பாடு, விலங்கு வதை பற்றிய புகார், விசாரணை ஆகிய எல்லாம் இங்கே வருகின்றன. சிக்கல் என்னவென்றால் இது ஓர் அரசாங்க அலுவலகம். மாடு கன்று போட முடியாமல் தவிப்பது பெரும்பாலும் நள்ளிரவில் அல்லது ஞாயிற்றுக்கிழமையில்.

மூன்றாவது, ஊராட்சி மன்றம். சாலையிலும் குடியிருப்புப் பகுதியிலும் திரியும் மாடுகளைப் பிடித்து அடைப்பது நகராண்மைக் கழகம் அல்லது மாவட்ட மன்றத்தின் அதிகாரத்தில் இருக்கிறது. உரிமையாளர் கட்டணம் செலுத்தி மீட்டுக்கொள்ள வேண்டும். யாரும் வராவிட்டால் ஏலத்துக்குப் போகும்.

நான்காவது, காவல் துறை. மாடு திருட்டு, சாலை விபத்து, வேண்டுமென்றே வெட்டிக் காயப்படுத்துவது ஆகியவற்றுக்கு இங்கே புகார் செய்ய வேண்டும். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, விபத்தில் விலங்கு அடிபட்டாலும் ஓட்டுநர் வாகனத்தை நிறுத்த வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும். மாட்டை மோதிவிட்டு, "மாடுதானே" என்று போய்விடுவது குற்றம்.

இந்த நான்கில் எதைத் தட்டினாலும் ஒரு பகுதி உதவிதான் கிடைக்கும். நெடுஞ்சாலையோரம் அடிபட்டு கால்வாயில் உருண்டு விழுந்த, உரிமையாளர் தெரியாத மாடு என்றால் நான்கு கதவுகளையும் தட்ட வேண்டும். "அது எங்கள் வேலை இல்லை, அங்கே கேளுங்கள்" என்ற பதில் வரும் இடம் இதுதான். அந்த அதிகாரி பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அது அவர் வேலை இல்லை. ஆனால் மாட்டுக்கு நேரம் இல்லை.

ஆகவே வரிசை முக்கியம். விலங்கு சிக்கியிருந்தாலும், சாலையில் கிடந்து மற்றவர் உயிருக்கு ஆபத்தாக இருந்தாலும் முதலில் 999. அதே நேரத்தில் இன்னொருவர் மாவட்டக் கால்நடை அலுவலகத்தை அழைக்க வேண்டும். மீட்புப் படை மாட்டை மேலே எடுக்கும்போது மருத்துவர் வழியில் இருக்க வேண்டும், அப்போதுதான் யோசிக்கத் தொடங்கக் கூடாது. அழைப்பில் ஐந்து விவரங்கள் போதும்: என்ன விலங்கு, எத்தனை, எங்கே, எதில் சிக்கியிருக்கிறது, உயிரோடு அசைகிறதா. தோட்டத்துக்குள் என்றால் தோட்டத்தின் பெயர் மட்டும் பயன்படாது. எந்த நுழைவாயில் வழியாக லோரி வர முடியும், பாலம் தாங்குமா, கேட் பூட்டியிருக்கிறதா என்பதைச் சொல்லி, ஒருவரைச் சாலை முனையில் நிறுத்தி வைப்பது ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

சிலாங்கூர் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. செர்டாங்கில் உள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனை, மாடு, ஆடு, குதிரை போன்ற பெரிய விலங்குகளுக்கும் சிகிச்சை அளிக்கிறது. கட்டணம் உண்டு. முன்கூட்டியே அழைத்துக் கேட்டுக்கொள்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

நீண்ட காலம் இந்நாட்டில் விலங்கு வதைக்கான தண்டனை சிரிப்புக்குரியதாக இருந்தது. 1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தின்கீழ் அதிகபட்ச அபராதம் 200 வெள்ளி. 2013இல் செய்யப்பட்ட திருத்தம் அதை 50,000 வெள்ளிக்கு உயர்த்தியது. பிறகு 2015ஆம் ஆண்டு விலங்கு நல்வாழ்வுச் சட்டம் வந்தது. 2017 ஜூலையில் அமலாக்கப்பட்ட அச்சட்டத்தின்கீழ், வதை நிரூபிக்கப்பட்டால் 20,000 வெள்ளிக்குக் குறையாத, 100,000 வெள்ளிக்கு மேற்போகாத அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சபாவும் சரவாக்கும் தங்களுக்கென்று தனிச் சட்டங்களை வைத்திருக்கின்றன.

இச்சட்டம் நாய் பூனைக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் அது பொருந்தும். பொருத்தமான இடம், தகுந்த தீனி, இயல்பாக நடந்துகொள்ள வாய்ப்பு, வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பு என விலங்கின் தேவைகளை நிறைவேற்ற நியாயமான நடவடிக்கை எடுப்பது உரிமையாளரின் கடமை என்று அது சொல்கிறது. வெறுமனே அடிக்காமல் இருந்தால் போதாது. காயம்பட்ட மாட்டைச் சிகிச்சை இல்லாமல் கிடக்க விடுவதும் கேள்விக்குரியதுதான்.

சட்டம் கடுமையானது நல்லதே. ஆனால் அதற்கு ஒரு பக்க விளைவு உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

உதவி கேட்கப் பயம்

நம் சிறு கால்நடை வளர்ப்பாளர்களில் பலர், மாடு ஆபத்தில் இருக்கும்போதும் அதிகாரிகளை அழைப்பதில்லை. அவர்களுக்கு இரக்கம் இல்லை என்று சொன்னால் அது அநியாயம். அவர்கள் பயப்படுகிறார்கள்.

கொட்டகை இருக்கும் நிலம் அவர்களுடையது அல்ல. சிலருக்குத் தற்காலிக நில உரிமம் உண்டு. பலருக்கு அதுவும் இல்லை. தோட்டம் கை மாறும்போதும் மேம்பாட்டுக்கு நிலம் எடுக்கப்படும்போதும் முதலில் வெளியேறச் சொல்லப்படுவது மாட்டுக் கொட்டகைதான். செம்பனைக்கு இடையில் மாடு மேய்வதைத் தோட்ட நிர்வாகம் அனுமதிக்காத இடங்களில், மாடு அங்கே கண்ணியில் மாட்டிக்கொண்டால் அழைக்கவே தயங்குவார்கள். "உங்கள் மாடு எங்கள் நிலத்தில் என்ன செய்கிறது?" என்பதே முதல் கேள்வியாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். கொட்டகையைப் பதிவு செய்யாதவருக்கு, அதிகாரி வந்தால் மாட்டைப் பார்ப்பாரா அல்லது பதிவைக் கேட்பாரா என்ற கவலை. காது வில்லை இல்லாத மாட்டை எங்கே வாங்கினாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்ற கவலை.

இதன் விளைவு, கடைசி நேரம் வரை கைவைத்தியம். அக்கம்பக்கத்தில் யாரோ சொன்ன ஊசி, கடையில் வாங்கிய மருந்து. மாடு எழவே முடியாது என்று ஆன பிறகு வியாபாரிக்கு ஓர் அழைப்பு. அவர் பாதி விலைக்கும் குறைவாகக் கேட்பார். குடும்பத்துக்கு நட்டம், மாட்டுக்கு வேதனை.

2021இல் தோல் கழலை நோய் தீபகற்ப மலேசியாவுக்குள் நுழைந்தபோதும் இதே பயம் பிரச்சினையாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்க முடியும். உடலெங்கும் கட்டி வந்த மாட்டை மறைத்தால் அந்த மாடு மட்டும் பாதிக்கப்படுவதில்லை. ஈ, கொசு வழியாக அடுத்த கொட்டகைக்கும் போகும். கோமாரியும் அப்படித்தான். அறிவிக்கப்பட வேண்டிய நோயை மறைக்கிறவரும் கடைசியில் இழப்பது தன் மாட்டைத்தான்.

இந்தப் பயத்தைக் குறைக்க இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது. கால்நடை வளர்ப்பவர் மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் தன்னையும் தன் மந்தையையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு என்பது நில உரிமை அல்ல. அதனால் நிலத் தகராறு தீர்ந்துவிடாது. ஆனால் தடுப்பூசி வரும்போது உங்கள் பெயர் பட்டியலில் இருக்கும். வெள்ளத்தில் மாடு செத்தால், வேளாண் உணவுப் பேரிடர் நிதி போன்ற உதவிகளுக்கு விண்ணப்பிக்கும்போது "எத்தனை மாடு வைத்திருந்தீர்கள்?" என்ற கேள்விக்கு வாய்வார்த்தை அல்லாத பதில் உங்களிடம் இருக்கும். நிலமில்லாதவர் பதிவில் சிக்கல் வந்தால், தனியாகப் போய்த் திரும்பாமல், பத்துப் பேர் சேர்ந்து சங்கமாகவோ சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்தின் வழியாகவோ போவது பலன் தரும்.

மறுபக்கம், உதவியையும் தண்டனையையும் அரசாங்கம் பிரித்து வைக்க வேண்டும். அவசரத்துக்கு அழைக்கிறவரிடம் அந்த நேரத்தில் பதிவுப் பத்திரம் கேட்கக் கூடாது. முதலில் விலங்கு, பிறகு விசாரணை என்ற நடைமுறை எழுத்தில் இருந்தால் அழைப்புகள் கூடும். அழைப்பு கூடினால்தான் நோயும் வதையும் முன்கூட்டியே தெரியவரும். தண்டனை எவ்வளவு கூடினாலும், தகவல் வராத இடத்தில் சட்டத்துக்கு வேலை இல்லை.

வெள்ளம்: முதல் நாளே எடுக்க வேண்டிய முடிவு

2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த வெள்ளத்தின்போது கிழக்குக் கரையிலும் பிற மாநிலங்களிலும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா உட்பட கிள்ளான் பள்ளத்தாக்கே தத்தளித்தது. நாடு முழுவதும் 50 பேருக்கு மேல் உயிரிழந்தனர். 2024 நவம்பர் இறுதியில் மீண்டும் 1 லட்சத்துக்கும் அதிகமானோர் நிவாரண மையங்களில். மனிதர்களுக்கே படகு போதாத அந்த நேரத்தில் மாட்டுக்குப் படகு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. மீட்புப் படை மனித உயிரை முதலில் பார்ப்பதுதான் முறை.

அதனால் வெள்ளத்தில் கால்நடை மீட்பு என்பது மழைக்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலை. தாழ்வான இடத்தில் கொட்டகை வைத்திருப்பவர் அக்டோபரிலேயே மேட்டு நிலம் ஒன்றைப் பேசி வைக்க வேண்டும். தோட்டத்து மேட்டுப் பகுதியோ, பள்ளித் திடலோ, உறவினர் நிலமோ, எதுவானாலும் தோட்ட நிர்வாகத்திடமும் கம்பத் தலைவரிடமும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. லோரிக்காரரின் எண் கைப்பேசியில் இருக்க வேண்டும். மாநில எல்லையைத் தாண்டிக் கால்நடையைக் கொண்டு போக டிவிஎஸ் பெர்மிட் தேவை. ஆகவே மாடுகளைப் பக்கத்து மாநிலத்து மச்சான் வீட்டுக்கு அனுப்பலாம் என்ற திட்டம் கடைசி நிமிடத்தில் சாலைத் தடுப்பில் நின்றுவிடும். ஒரே மாவட்டத்துக்குள் இடம் பார்ப்பது புத்திசாலித்தனம்.

ஒரு விஷயத்தை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். நீர் ஏறிக்கொண்டிருக்கிறது, மாட்டைக் கொண்டு போக வழியில்லை, குடும்பத்தோடு வெளியேறுகிறீர்கள் என்றால், கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போங்கள். கொட்டகைக் கதவைத் திறந்து வையுங்கள். மாடு நன்றாக நீந்தும், மேட்டைத் தேடிப் போகும். கட்டிப்போட்ட மாட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவிழ்த்துவிட்டால் காணாமல் போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்குத்தான் காது வில்லையும், ஒவ்வொரு மாட்டையும் இரு பக்கமும் எடுத்து வைத்த படங்களும். கைப்பேசியில் பத்து நிமிட வேலை. பிறகு ஊராட்சி மன்றம் பிடித்து அடைத்தாலும், பக்கத்துக் கம்பத்தில் ஒதுங்கியிருந்தாலும், "இது என் மாடு" என்று காட்ட ஆதாரம் அதுதான். செத்த மாடுகளையும் புதைப்பதற்கு முன் படம் எடுத்து வைக்க வேண்டும். போலீஸ் புகாரும் செய்துவிட வேண்டும்.

உதவி வரும் வரை

மருத்துவர் வரச் சில மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்தில் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுகளே பல மாடுகளைக் கொன்றுவிடுகின்றன.

கீழே விழுந்து எழ முடியாத மாட்டைக் காலிலோ வாலிலோ கழுத்திலோ கயிறு கட்டி இழுக்கக் கூடாது. மூட்டு விலகும், நரம்பு அறுபடும். தூக்க வேண்டுமென்றால் மார்புக்கும் வயிற்றுக்கும் கீழே அகலமான பட்டை போட்டுத்தான் தூக்க வேண்டும். நகர்த்த வேண்டுமென்றால் பலகை அல்லது தடித்த கேன்வாஸ் மேல் உருட்டி இழுக்கலாம்.

பக்கவாட்டில் படுத்த மாட்டின் வயிறு காற்றில் உப்பும். அதை நெஞ்சு தரையில் படும்படி உட்கார வைத்து, இரு பக்கமும் மண் மூட்டையோ வைக்கோல் கட்டோ முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் அதன் எடையே அதன் தொடைத் தசையை நசுக்கிவிடும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். சிமெண்டுத் தரையில் கிடந்தால் அடியில் வைக்கோலோ மணலோ போடுங்கள். வெயிலில் கிடந்தால் நிழல் கட்டுங்கள்.

தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் கஞ்சியோ மருந்தோ ஊற்றுவது நம்மிடையே பழக்கம். விழுங்கும் சக்தி இல்லாத மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். குடிக்க முடிந்தால் அதுவே குடிக்கும்படி வாளியை முன்னால் வையுங்கள்.

கன்று போட்ட ஓரிரு நாளில் நல்ல கறவை மாடு திடீரென்று படுத்து, காது சில்லிட்டு, கழுத்தை மடித்துக்கொண்டால் அது கால்சியம் குறைபாடாக இருக்கலாம். மருத்துவர் நரம்பில் கால்சியம் ஏற்றினால் சற்று நேரத்தில் எழுந்து நிற்கக்கூடும். தாமதித்தால் செத்துவிடும். இதை நாமே செய்து பார்க்கக் கூடாது, வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் கன்று வரவில்லை என்றால் விடியும் வரை காத்திருக்காமல் அழைக்க வேண்டும். வெள்ளாடு அரை மணி நேரத்துக்கு மேல் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டால் அதுவே அவசரம்தான்.

மாடு கழிவுத் தொட்டியிலோ சாணக் குழியிலோ மூடிய கிணற்றிலோ விழுந்தால் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. அங்கே தேங்கும் நச்சு வாயு ஓரிரு மூச்சில் மனிதரை மயக்கிவிடும். முதலாமவரைக் காப்பாற்ற இரண்டாமவர், அவரைக் காப்பாற்ற மூன்றாமவர் என்று இறங்கி எல்லோரும் உயிரிழப்பது இத்தகைய விபத்துகளின் வழக்கம். மீட்புப் படையிடம் மூச்சுக் கருவி இருக்கிறது. நம்மிடம் இல்லை. வெள்ள நீரில் கொட்டகைக்குள் போகும் முன் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போக வேண்டும்.

மீட்பு எப்போதும் பிழைக்க வைப்பது அல்ல

பேசக் கடினமான பகுதி ஒன்று இருக்கிறது. முதுகெலும்பு முறிந்த மாடு, இரு பின்னங்காலும் நொறுங்கிய மாடு பிழைக்காது. பெரிய விலங்கின் எடையைத் தாங்கும் அளவுக்கு, நொறுங்கிய கால் எலும்பு கூடுவது அரிது. அப்போது மருத்துவர் கருணைக் கொலையைப் பரிந்துரைப்பார். பசுவைத் தாயாக வணங்கும் குடும்பத்துக்கு அதைக் கேட்கவே முடியாது. "இயற்கையாகப் போகட்டும்" என்று விட்டுவிடுவார்கள். அந்த இயற்கை மூன்று நாள், நான்கு நாள் எடுக்கும். எறும்பும் ஈயும் மொய்க்க, அது உயிரோடு கிடக்கும்.

முடிவு அந்தக் குடும்பத்துடையது. அவர்கள் நம்பிக்கையை யாரும் எள்ள வேண்டியதில்லை. ஆனால் இரண்டையும் எடை போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். கொல்ல மாட்டோம் என்று தீர்மானிப்பவர்கள், குறைந்தபட்சம் வலி நிவாரணியையாவது மருத்துவரிடம் கேட்க வேண்டும். மாட்டைக் கவனிக்க ஆள் வைக்க வேண்டும். எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பதை அகிம்சை என்று சொல்ல முடியாது.

இதே நேர்மை ஆலயங்களுக்கும் தேவை. நேர்த்திக்கடனாகக் கன்றையும் பசுவையும் ஆலயத்துக்குக் கொடுக்கும் வழக்கம் இங்கும் இருக்கிறது. சில ஆலயங்கள் கோசாலை வைத்து நன்றாகவே பராமரிக்கின்றன. இடமும் ஆளும் இல்லாத ஆலயத்தில் விடப்படும் கன்று, வளர்ந்து சாலையில் திரிந்து அடுத்த காணொளியில் வருகிறது. கொடுப்பவர் தீவனச் செலவுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வாங்குபவர் முடியாவிட்டால் முடியாது என்று சொல்ல வேண்டும். விலங்கு நல்வாழ்வுச் சட்டத்தின் கடமைகள் ஆலய நிர்வாகத்துக்கும் உண்டு.

என்ன மாற வேண்டும்?

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை நியாயமானவைதான். ஒவ்வொரு மாவட்டத்திலும் அலுவலக நேரத்துக்குப் பிறகு அழைக்க ஒரு கால்நடை மருத்துவர் எண். 999 அழைப்பு மையம் கால்நடை பற்றிய அழைப்பைப் பெற்றால், மீட்புப் படையோடு மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கும் தானாகவே தெரிவிக்கும் ஏற்பாடு. மாவட்ட வெள்ளத் திட்டத்தில் மக்களுக்கான மையங்களோடு கால்நடைகளுக்கான மேட்டு நிலத்தையும் குறித்து வைப்பது. புதிய துறை ஒன்றை உருவாக்காமலேயே இவற்றைச் செய்யலாம். நான்கு கதவுகளும் தங்களுக்குள் பேசிக்கொண்டால் போதும்.

சமூகமாக நாம் செய்யக்கூடியது அதைவிட எளிது. ஒவ்வொரு தோட்டத்துக் குழுவும், ஆலயமும், கால்நடை வளர்ப்போர் சங்கமும் ஒரு தாளில் நான்கு எண்களை எழுதி ஒட்டி வைக்கலாம்: அருகிலுள்ள தீயணைப்பு நிலையம், மாவட்டக் கால்நடை அலுவலகம், ஊராட்சி மன்றம், காவல் நிலையம். ஐந்தாவதாக, பெரிய விலங்குகளைப் பார்க்கும் தனியார் மருத்துவர் யாராவது வட்டாரத்தில் இருந்தால் அவர் எண். மலாய் மொழியில் தடையின்றிப் பேசக்கூடிய இளைஞர் ஒருவரை, அவசரத்தில் அழைத்துப் பேச என்று குறித்து வைக்கலாம். மாட்டைப் பற்றி எல்லாம் தெரிந்த தாத்தாவுக்குத் தொலைபேசியில் அதிகாரியிடம் விளக்கத் தெரியாது, விளக்கத் தெரிந்த பேரனுக்கு மாட்டைப் பற்றித் தெரியாது. இருவரும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

அடுத்த முறை அப்படி ஒரு காணொளி உங்கள் கைப்பேசிக்கு வந்தால், அனுப்பியவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். எந்த இடம்? எப்போது எடுத்தது? 999-க்கும் கால்நடை அலுவலகத்துக்கும் யார் அழைத்தார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அந்தக் காணொளியை அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன் அந்த அழைப்பை நீங்களே செய்துவிடுங்கள்.